கப்பல் ஏறிப் போன தாத்தாவ தேடுறது எப்படி

எங்க பாட்டி ஒரு கதை சொல்லும். எங்க தாத்தாவுக்கு சித்தப்பா ஒருத்தர், வீட்டுல அண்ணன் கூட சண்ட போட்டுட்டு ராவோட ராவா கிளம்பி மெட்ராஸ் போயி அங்க இருந்து நெட்டாலுக்கு கப்பல் ஏறிட்டாராம், ஒரே ஒரு லெட்டர் வந்துச்சாம், அதையும் யாரோ அடுப்பு பத்த வெச்சிட்டாங்களாம். அவ்ளோதான் கதை, அதுக்கு மேல கேட்டா "யாரு கண்டா, போனவரு போனவருதான்"னு வெத்தலய மடிக்க ஆரம்பிச்சிரும். நெட்டால் எங்க இருக்குன்னே பாட்டிக்குத் தெரியாது, ரங்கூன் பக்கம்னு நெனச்சிட்டு இருந்துச்சு.

அவர தேட ஆரம்பிச்சு மூணு வருஷம் ஓடிருச்சு, ஓரளவுக்கு புடிச்சும் புட்டேன். இப்ப சொந்தத்துல, ஃப்ரெண்ட்ஸ்ல எல்லாரும் "எங்க வீட்டுலயும் ஒருத்தர் மோரீஸ் போனாரு, பிஜி போனாரு, எப்படிங்க தேடுறது"ன்னு கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கா வாய்ஸ் நோட் போட முடியல, அதான் ஒரே எடத்துல எழுதி வெச்சிடுறேன். எனக்கு நல்லா தெரிஞ்சது நேட்டால் தான், அதாவது இன்னிக்கு சவுத் ஆப்பிரிக்காவுல க்வாசூலு-நேட்டால்னு சொல்ற எடம், அதனால அதத்தான் நெறைய எழுதப் போறேன், மத்த நாடுங்க கடைசில கொஞ்சம் வரும்.

மொதல்ல நான் பண்ண தப்ப சொல்லிடுறேன். பேர வெச்சு தேடுனேன். முனுசாமி. நேட்டால் கப்பல் லிஸ்ட்ல முனுசாமின்னு தேடுறதும் கோயம்பேட்டுல நின்னுகிட்டு "அண்ணே"ன்னு கூப்புடுறதும் ஒண்ணு, அத்தன பேரு திரும்பிப் பாப்பாங்க. அதுல அப்பா பேரு ஒத்துப்போற, வயசு ஒத்துப்போற ஒரு ஆள புடிச்சிகிட்டு நாலு மாசம் அவரு பின்னாடியே போனேன், ஃபேமிலி வாட்ஸப் குரூப்ல எல்லாம் அறிவிச்சாச்சு, பெரியப்பா வேற அழுதுட்டாரு, அப்புறமா ஜில்லா கட்டத்த ஒழுங்கா பாத்தா அவரு தஞ்சாவூர்க்காரர். நாங்க ஆரணிப் பக்கம். அப்படியே போன உட்டுட்டு ரெண்டு நாள் குரூப் பக்கமே போகல.

அதனால என் பேச்ச கேளுங்க, பேரு கடைசி. ஊரு, வருஷம், கூட போனது யாரு, இந்த மூணும்தான் மொதல்ல.

இது மூணும் ஆபீஸ்ல கெடைக்காது, வீட்டுலதான் கெடைக்கும், அதுவும் எண்பது தாண்டுன ஆளுங்ககிட்ட. போன்ல ரெக்கார்டர ஆன் பண்ணி ஓரமா வெச்சிட்டு சும்மா பேச்சு குடுங்க, பேப்பர் பேனாவோட போயி எதிர்ல உக்காந்தா சென்சஸ்காரன் வந்த மாதிரி வாய மூடிக்குவாங்க. "எந்த வருஷம் போனாரு"ன்னு கேக்காதீங்க, வருஷம் அவங்களுக்கு நம்பரா ஞாபகம் இருக்காது. "அவரு போனப்ப உங்க அத்த பொறந்தாச்சா", "எம்டன் குண்டு போட்டதுக்கு முந்தியா பிந்தியா" இப்படி கேளுங்க. எம்டன்ங்கிற ஜெர்மன் கப்பல் மெட்ராஸ்ல குண்டு போட்டது 1914 செப்டம்பர், அது ஒரு நல்ல முளக்குச்சி. இன்னொரு முளக்குச்சி தாது வருஷப் பஞ்சம், 1876ல இருந்து 78 வரைக்கும், அந்தப் பஞ்சத்துல கப்பல் ஏறுனவங்க எக்கச்சக்கம். ஆனா ஒண்ணு, தமிழ் வருஷம் அறுவதுக்கு ஒருக்கா சுத்தி வரும், தாது 1936லயும் வந்துச்சு 1996லயும் வந்துச்சு, அதோட பெரியவங்க எத கேட்டாலும் "தாது வருஷம்"னு சொல்லிடுவாங்க. எங்க பாட்டியும் அப்படித்தான் சொல்லுச்சு. தாத்தா பொறந்தது 1912, அவரோட சித்தப்பா 1876ல சண்ட போட்டுட்டு போயிருந்தா கணக்கு எங்கயாவது ஒதைக்குமா இல்லயா? கடைசில எங்க அத்தப் பாட்டி ஒருத்தங்க, தாத்தாவோட பெரிய அக்கா அப்ப கைப்புள்ள, தொட்டில்ல கெடந்துச்சுன்னு சொன்னாங்க, அந்த அக்கா பொறந்தது சுமாரா 1905. அங்கதான் வழி தொறந்துச்சு.

அடுத்து பங்காளி யாரு மாமன் மச்சான் யாருன்னு பிரிக்கணும், அதுக்கு வம்சாவளி படம் போடச் சொன்னா யாராலயும் முடியாது. ஒரே கேள்வி கேளுங்க, "யாரு செத்தா நமக்கு தீட்டு?" அவ்ளோதான், மளமளன்னு பேரு வரும். நாப்பது வருஷமா பேச்சுவார்த்த இல்லாத குடும்பத்தக் கூட "அவனுக்கும் நமக்கு பதினாறு நாள் உண்டு"ன்னு சொல்லுவாங்க. அந்த லிஸ்ட்தான் உங்க ஆம்பள வழி மரம். குலதெய்வம் எந்த ஊருன்னும் கேட்டு வெச்சுக்கோங்க, ஏன்னா குடும்பம் பொழைக்க எத்தன ஊரு மாறுனாலும் குலதெய்வம் ஆதி ஊர்லயே உக்காந்துருக்கும், கப்பல் லிஸ்ட்ல எழுதிருக்குற ஊரு நீங்க இன்னிக்கு இருக்குற ஊரா இல்லாம அந்த சாமி ஊரா இருக்க சான்ஸ் நெறைய.

பேப்பர்னு பாத்தா மொய் நோட்டுக்கு ஈடா எதுவும் கெடையாதுங்க. நம்ம ஆளுங்க பொறந்த தேதிய எழுதி வெக்க மாட்டாங்க, ஆனா எவன் எட்டணா வெச்சான் எவன் ஒர்ரூவா வெச்சான்னு ஊர் பேரோட எழுதி பரண்ல போட்டு வெச்சிருப்பாங்க. பழைய மொய் நோட்டு, கல்யாணப் பத்திரிக்க, கருமாதி பத்திரிக்க எது கெடைச்சாலும் போட்டோ எடுங்க. கருமாதி பத்திரிக்கயில பங்காளிங்க பேரு மொத்தமா வரும், ஒருத்தர் பேர உட்டா அன்னிக்கே சண்ட வந்துருக்கும், அதனால அத நம்பலாம்.

சரி, வருஷம் சுமாரா தெரிஞ்சிருச்சு. இப்ப அந்த வருஷத்துல அந்த நாட்டுக்கு கப்பல் போச்சான்னு மொதல்ல பாருங்க, இதுலயே பாதி கதை சல்லடையில நின்னுடும். ஒப்பந்தக் கூலிங்கள, அதாவது இத்தன வருஷம் வேல செய்றேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போனவங்கள, நேட்டாலுக்கு ஏத்திட்டுப் போன மொத கப்பல் ட்ரூரோ, மெட்ராஸ்ல 1860 அக்டோபர்ல கிளம்பி நவம்பர் 16 டர்பன் போய் சேந்துச்சு, 342 பேரு. 1866ல ஆள் அனுப்புறது நின்னு போச்சு, 1871ல திரும்பி வந்தவங்க அங்க நடக்குற கொடுமைய சொன்னதுல பிரச்சன பெருசாகி விசாரணையெல்லாம் நடந்து, 1874லதான் மறுபடி ஆரம்பிச்சாங்க, 1911ல இந்தியாவே ஆள் அனுப்புறத நிறுத்திருச்சு. மொத்தம் 1,52,184 பேரு, அதுல மூணுல ரெண்டு பங்கு மெட்ராஸ்ல ஏறுனவங்க. அதனால உங்க வீட்டுல "1870ல நெட்டால் போனாரு"ன்னு சொன்னா ஒண்ணு வருஷம் தப்பு இல்ல நாடு தப்பு. பிஜிக்கு மொத கப்பல் லியோனிடாஸ் 1879லயே போச்சு, ஆனா அது கல்கத்தாவுல கிளம்புனது, மெட்ராஸ்ல இருந்து பிஜிக்கு கப்பல் 1903ல தான் ஆரம்பிச்சு 1916 வரைக்கும். தாது வருஷப் பஞ்சத்துல எங்க ஆளு பிஜி போனாருன்னா யோசிக்கணும்.

இப்ப கப்பல் லிஸ்டுக்கு வருவோம். ஒப்பந்தக் கூலியா போன ஒவ்வொருத்தருக்கும் நேட்டால்ல ஒரு நம்பர் குடுத்தாங்க, காலனியல் நம்பர்னு பேரு. ஆம்பள, பொம்பள, கைப்புள்ள எல்லாருக்கும். இந்த நம்பர்தான் எல்லாத்துக்கும் சாவி, பேரு மாறும் ஸ்பெல்லிங் மாறும் நம்பர் மாறாது. இந்த லிஸ்டுகள டைப் பண்ணி க்வாசூலு-நேட்டால் யூனிவர்சிட்டியோட காந்தி-லுதூலி டாக்குமென்டேஷன் சென்டர் போட்டு வெச்சிருக்காங்க, காசு கெடையாது. ஒரிஜினல் ரெஜிஸ்டர் டர்பன் ஆவணக் காப்பகத்துல இருக்கு.

ஒரு வரி எப்படி இருக்கும்னு காமிக்கிறேன், இது நானா எழுதுன உதாரணம், நெஜ ஆள் கெடையாது. காலனியல் நம்பர், கப்பல் பேரு, வந்த தேதி, அப்புறம் பேரு மூனியன், அப்பன் கூப்பன், வயசு 24, ஜாதி, ஜில்லா நார்த் ஆற்காட், தாலுக்கா வாண்டிவாஷ், கிராமம் மாம்பாகம், ஒசரம், அங்க அடையாளம் இடது புருவத்துக்கு மேல தழும்பு, எந்த மொதலாளிகிட்ட அனுப்புனாங்க. இதுல மூனியன்னா முனியன், கூப்பன்னா குப்பன், வாண்டிவாஷ்னா நம்ம வந்தவாசி, மாம்பாகம் மாம்பாக்கமாத்தான் இருக்கணும். வாய்விட்டு படிச்சா நமக்கு ஒரு செகண்டுல புரிஞ்சிருது பாத்தீங்களா. இத டர்பன்ல பொறந்து வளந்த, தமிழ் பேசத் தெரியாத கொள்ளுப் பேரன் வருஷக்கணக்கா வெச்சு முழிச்சிட்டு இருப்பாரு. நமக்கு இருக்குற ஒரே பெரிய அட்வான்டேஜ் நம்ம காது, அத நல்லா யூஸ் பண்ணுங்க.

ஏன் இப்படி கெட்டுப் போச்சுன்னா, எழுதுன கிளார்க் காதுல விழுந்தத இங்கிலீஷ்ல எழுதிருக்கான், இன்னொருத்தன் அதப் பாத்து காப்பி பண்ணிருக்கான், நூறு வருஷம் கழிச்சு வேற யாரோ அந்தக் கோழிக் கிறுக்கல படிச்சு டைப் பண்ணிருக்காங்க. இங்கிலீஷ் கையெழுத்துல என்னும் ஐயும் ஒட்டிக்கிட்டா எம் மாதிரி தெரியும், யூவுக்கும் என்னுக்கும் வித்தியாசமே இருக்காது, முனியம்மா பேரு என்னவா வேணாலும் ஆயிருக்கும். "உ" சத்தம் வர்ற எடத்துல ரெண்டு ஓ போட்டுருப்பாங்க, அதான் குப்புசாமி கூப்பூசாமி, சுப்ரமணி சூப்ரமணி, முனுசாமி மூன்சாமி. திருன்னு ஆரம்பிக்கிற ஊரெல்லாம் ட்ரி ஆயிடும், திருவள்ளூர் ட்ரிவெல்லூர். பாக்கம், பட்டு, குப்பம் மாதிரி ஊர் வாலுங்க எப்படி வேணா தேஞ்சிருக்கும், செங்கல்பட்டே சிங்கிள்புட் ஆனப்ப சின்ன ஊருங்க எம்மாத்திரம். ழகரத்த பத்தி கேக்கவே வேணாம். அதனால ஒரு ஸ்பெல்லிங்ல தேடி இல்லன்னு விட்டுடாதீங்க, அந்தப் பேர ஒரு வெள்ளக்காரன் கேட்டா எப்படியெல்லாம் எழுதுவான்னு பத்து விதமா எழுதிப் பாத்துட்டு பத்தையும் போட்டு தேடுங்க.

ஜில்லா விஷயத்துல இன்னொரு குழி இருக்கு, நெறைய பேரு விழுறாங்க. அந்தக் கால நார்த் ஆற்காட்டுல சித்தூர், சந்திரகிரி பக்கமெல்லாம் சேத்தி, 1911லதான் சித்தூர் தனி ஜில்லாவாச்சு. ஆக நார்த் ஆற்காட்டுன்னு போட்டுருந்தா இன்னிக்கு வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டையிலயும் இருக்கலாம், ஆந்திராவுலயும் இருக்கலாம். சவுத் ஆற்காட்டுன்னா கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி. சேலம் ஜில்லான்னா தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் வரைக்கும் பாக்கணும். பழைய லிஸ்டுகள்ல ஜாதி கட்டத்துல மலபார்னு போட்டுருந்தா கேரளான்னு நெனைக்காதீங்க, தமிழ் பேசுறவங்கள அப்ப மலபார்னுதான் எழுதுவாங்க, ஜென்டூன்னா தெலுங்கு. ஜாதி கட்டத்த நான் ரொம்ப நம்புறதில்ல, கிளார்க் அவன் இஷ்டத்துக்கு எழுதுனதும் உண்டு, போறவரு டிப்போவுல, அதாவது கப்பல் ஏத்துறதுக்கு முந்தி ஆளுங்கள தங்க வெச்ச எடத்துல, மாத்தி சொன்னதும் உண்டு. சண்ட போட்டுட்டு, கடன் வாங்கிட்டு ஓடுனவரு பேரையே மாத்தி சொல்லிருக்கலாம், ஜாதிய சொல்லுவாரா.

இப்ப முக்கியமான விஷயம், இத யாரும் எனக்கு சொல்லித் தரல, நானா கண்டுபுடிச்சது. உங்க ஆளு மாதிரி தெரியுற வரிக்கு மேல பத்து வரி, கீழ பத்து வரி படிங்க. ஊர்ல இருந்து ஒத்த ஆளா கெளம்புனவங்க கம்மி, ஏஜென்ட் ஒரு தெருவுலயே மூணு பேர தேத்திட்டு வந்துருப்பான், டிப்போவுலயும் அவங்க ஒண்ணாவே வரிசையில நின்னுருப்பாங்க, நம்பரும் பக்கத்து பக்கத்துல விழுந்துருக்கும். எங்க கதையில என்னாச்சுன்னா, 1905க்கும் 1908க்கும் நடுவுல ஒரு வரி, எங்க ஊரு பேரு அடையாளமே தெரியாம இருந்துச்சு, நான் தாண்டிப் போயிட்டேன். அப்புறம் சும்மா கீழ படிச்சா அடுத்த ரெண்டு நம்பரும் அதே ஊரு, ஆனா ஸ்பெல்லிங் வேற, அதுல ஒண்ணு பச்சையா எங்க ஊரு. அந்த ரெண்டுல ஒரு பேர பாட்டிகிட்ட சொன்னேன், வெத்தலய கீழ வெச்சிட்டு, "அது வண்டிக்காரன் மவன், அவந்தான்டா இவர கெடுத்து கூட்டிட்டுப் போனான்"னுச்சு. அத்தன தடவ கதை சொல்லிருக்கு, ஒரு தடவ கூட அந்த ஆளப் பத்தி வாயே தொறக்கல. கூட போனது யாருன்னு நான் கேக்கல, அது சொல்லல. லிஸ்ட்ல எங்க முனுசாமிக்கு புருவத்துக்கு மேல தழும்புன்னு போட்டுருக்கு, மேல உதாரணத்துல எழுதுனது அதத்தான். அது அண்ணன் அடிச்சதுன்னு எங்க வீட்டுல எல்லாரும் முடிவே பண்ணிட்டாங்க, எந்த ஆதாரமும் கெடையாது. நான் நோட்டுல "தழும்பு, காரணம் தெரியாது"ன்னு மட்டும் எழுதி வெச்சிருக்கேன். நீங்களும் ஆதாரம் இருக்குறத ஒரு கலர் பேனாவுலயும் வீட்டுல சொல்றத இன்னொரு கலர்லயும் எழுதுங்க, இல்லன்னா ஆறு மாசத்துல எது எதுன்னு உங்களுக்கே கொழம்பும்.

ஆமா, உம்லாசி, உம்சிண்டோ மாதிரி கப்பல்கள் வருஷா வருஷம் திரும்பத் திரும்ப மெட்ராஸ் வந்து போச்சு, அதனால கப்பல் பேரு மட்டும் குறிச்சு வெச்சா பத்தாது, தேதியும் வேணும்.

நம்பர் கெடைச்சாச்சுன்னா அதுக்கப்புறம் அவரு என்ன ஆனாருன்னு பாக்கணும். ஒப்பந்தம் அஞ்சு வருஷம், ஆம்பளைக்கு மொத வருஷம் மாசம் 10 ஷில்லிங், வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் ஏறும். ஆரம்பத்துல போனவங்களுக்கு பத்து வருஷம் முடிஞ்சா ஊருக்கு ஓசி கப்பல். 1895ல ஒரு சட்டம் கொண்டாந்தாங்க, அதுக்கப்புறம் போனவங்க ஒப்பந்தம் முடிஞ்சு அங்கயே தங்குனா வருஷத்துக்கு 3 பவுண்டு வரி, அத கட்ட முடியாம திரும்ப ஒப்பந்தத்துல போனவங்களும் ஊருக்கு வந்தவங்களும் ஏகப்பட்ட பேரு. ஆக மொதல்ல திரும்பி வந்துட்டாரான்னு பாருங்க. வரலன்னா அங்க கல்யாணம், புள்ள பொறப்பு, சாவு எல்லாத்துலயும் அந்த காலனியல் நம்பர் எழுதிருப்பாங்க, புள்ளைங்க சர்டிபிகேட்ல அப்பா நம்பர் அம்மா நம்பர் ரெண்டும் வரும். இதுல பாதி ஃபேமிலி சர்ச்னு ஒரு சைட்ல ஸ்கேனா இருக்கு, மார்மன் சர்ச்காரங்க நடத்துறது, அக்கவுன்ட் ஓபன் பண்ணா ஃப்ரீ. நேட்டால் பொறப்பு இறப்பு ரெஜிஸ்டர், எஸ்டேட் ஃபைல் ரெண்டும் பாருங்க. எஸ்டேட்னதும் தோட்டம்னு நெனச்சுடாதீங்க, செத்தவரோட சொத்து பைசல் பண்ண ஃபைல், அதுல பொண்டாட்டி புள்ளைங்க பேரெல்லாம் வரிசையா இருக்கும், சில ஃபைல்ல இந்தியாவுல இருக்குற அண்ணன் தம்பி பேரு கூட.

சவுத் ஆப்பிரிக்கா அரசாங்க ஆவணக் காப்பகத்துக்கு ஆன்லைன்ல ஒரு இண்டெக்ஸ் இருக்கு, அதுல பேரையோ நம்பரையோ போட்டு பாக்கலாம். பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்துல இந்தியர் பாதுகாவலர் ஆபீஸ் ஃபைலுங்க கட்டுக்கட்டா இருக்கு, சம்பளம் தரலன்னு புகார், மொதலாளி அடிச்சான்னு புகார், பொண்டாட்டிய வேற தோட்டத்துல இருந்து மாத்திக் குடுங்கன்னு மனு, இப்படி. ஆனா இண்டெக்ஸ்ல தலைப்பு மட்டும்தான் தெரியும், ஃபைலப் பாக்க அங்க யாராவது நேர்ல போகணும். எனக்கு முன் பின் தெரியாத ஒரு ஆள் ஆன்லைன்ல காசு வாங்கிட்டு வேற ஒரு குடும்பத்தோட மரத்தயே எனக்கு அனுப்பி வெச்சாரு, எங்க தாத்தா பேர மட்டும் நடுவுல சொருகி. அதனால யாருக்கு காசு குடுத்தாலும் ஒவ்வொரு பேருக்கும் ஃபைல் போட்டோ கேளுங்க.

அங்க இருக்குற வாரிசுங்கள தேடுறப்ப குடும்பப் பேருல ஏமாந்துடாதீங்க. நமக்கு குடும்பப் பேரே கெடையாது, இனிஷியல்தான். வெள்ளக்காரன் ஃபாரத்துல சர்நேம்னு ஒரு கட்டம் இருந்துச்சு, அதுல எதையாவது எழுதணுமேன்னு எழுதுனதுதான். ஒரு வீட்டுல தாத்தா பேரே சர்நேமா ஒட்டிக்கிச்சு, மூன்சாமி குடும்பம்னா அவங்க முப்பாட்டன் பேரு முனுசாமி, அவ்ளோதான். இன்னொரு வீட்டுல ஜாதிப் பட்டம் வந்துச்சு, முதலி மூட்லி ஆச்சு, கவுண்டர் கோவிண்டர் ஆச்சு, நாயுடு நாய்டூ ஆச்சு. ஒரே வயித்துல பொறந்த அண்ணன் தம்பிக்கு வேற வேற சர்நேம் இருக்கும். ஆனா நம்ம வழக்கம் ஒண்ணு அங்கயும் போயிருக்கு, தாத்தா பேர பேரனுக்கு வெக்கிறது. ஒரு தலைமுற உட்டு ஒரு தலைமுற அதே பேரு வந்துச்சுன்னா சரியான ரூட்டுல போறீங்கன்னு அர்த்தம். சித்தப்பாவோட அப்பா பேரு அவரு மூத்த மகனுக்கு இருந்தப்பதான் எனக்கு உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி வந்துச்சு.

எல்லாரும் ஒப்பந்தத்துலதான் போனாங்கன்னு இல்ல, சொந்தக் காசுல டிக்கெட் எடுத்துப் போன யாவாரிங்களும் உண்டு, அவங்களுக்கு காலனியல் நம்பர் கெடையாது, கப்பல் லிஸ்ட்ல தேடுறது வேஸ்ட். தில்லையாடி வள்ளியம்மை குடும்பம் அப்படித்தான், அவங்க ஜோகன்னஸ்பர்க்ல பொறந்தவங்க, அப்பா அங்க யாவாரம் பண்ணிட்டு இருந்தாரு, ஆனா ஊரு பேரு கூடவே நின்னதால இன்னிக்கும் மயிலாடுதுறை பக்கம் தில்லையாடின்னு கைகாட்ட முடியுது. இந்த மாதிரி ஆளுங்களுக்கு அங்க இமிக்ரேஷன் ஆபீஸ் ஃபைல், கடை லைசென்ஸ் இதத்தான் பாக்கணும்.

மத்த நாடுங்க சுருக்கமா. மொரீஷியஸ்னா மோக்காவுல மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்ல ஒரு ஆவணப் பிரிவு இருக்கு, அங்கயும் ஆளுக்கொரு நம்பர்தான், நெறைய பேருக்கு போட்டோவே இருக்கு, கொள்ளுத் தாத்தா மொகத்த பாக்குற பாக்கியம் அவங்களுக்குத்தான். 2024ல மொரீஷியஸ்காரங்களுக்கு ஏழாவது தலைமுற வரைக்கும் ஓசிஐ கார்டு, அதாவது வெளிநாட்டுல இருக்குற நம்ம வம்சாவளிக்காரங்களுக்கு இந்தியா குடுக்குற கார்டு, தருவோம்னு அறிவிச்சதுல இருந்து அங்க தேடுற கூட்டமும் ஜாஸ்தி. பிஜிக்கு ஆளுக்கு ஒரு தாள், எமிகிரேஷன் பாஸ், சுவாவுல தேசிய காப்பகத்துல இருக்கு, அதுல நெருங்குன சொந்தம் யாருன்னு ஒரு கட்டம் இருக்கு, அங்கதான் ஊர்ல உட்டுட்டு வந்த அண்ணன் பேரோ அம்மா பேரோ வரும், தங்கம் மாதிரி.

மலேசியா தான் கஷ்டம். அங்க ஒப்பந்த முறை 1910லயே முடிஞ்சுது, அதுக்கப்புறம் கங்காணி, அதாவது ஆள் சேத்துட்டுப் போற தோட்டத்து மேஸ்திரி, கூட்டிட்டுப் போன ஆளுங்கதான் முக்காவாசி, 1938ல இந்தியா அதையும் நிறுத்துச்சு. நாகப்பட்டினத்துல ராஜுலா கப்பல் ஏறுனாருன்னு கதை இருக்கும், பேரு லிஸ்ட் அவ்ளோ லேசுல கெடைக்காது. அங்க கங்காணிய புடிங்க, கங்காணி பெரும்பாலும் சொந்த ஊரு ஆளுங்களத்தான் கூட்டிட்டுப் போவாரு, அவரு எந்த ஊருன்னு தெரிஞ்சா உங்க ஆளு ஊரும் அங்கயோ பக்கத்துலயோ. எந்தத் தோட்டம், தோட்டத்து மாரியம்மன் கோயில கட்டுனது யாருன்னும் கேளுங்க. இலங்கை மலையகம்னா 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துல 5,25,000 பேர இந்தியா எடுத்துக்கிறதா முடிவாச்சு, அப்படி வந்த குடும்பங்ககிட்ட அந்தக் கால பாஸ்போர்ட், குடும்ப அட்டை பத்திரமா இருக்கும், பூர்வீக ஊரு அதுல இருக்கான்னு மொதல்ல பாத்துடுங்க.

இப்ப நம்ம ஊருப் பக்கம் வேல. எழும்பூர்ல தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கு, முன்னாடியே அனுமதி வாங்கிட்டு போகணும், ஆனா அங்க போனா உங்க தாத்தா பேரு லிஸ்ட்டா கெடைக்கும்னு எதிர்பாக்காதீங்க, அரசாங்க உத்தரவு, கடிதப் போக்குவரத்துதான் ஜாஸ்தி. அந்தக் கால நெலவரம் புரிஞ்சுக்க நல்லாருக்கும், அவ்ளோதான். கிறிஸ்டியன் குடும்பமா இருந்தா நேரா பழைய சர்ச் ஞானஸ்நான ரெஜிஸ்டர பாருங்க, தலைமுறை தலைமுறையா எழுதி வெச்சிருப்பாங்க, எங்களுக்கு அந்த லக் இல்ல. நெலம் இருந்த குடும்பம்னா விஏஓகிட்ட அ பதிவேடு, சார்பதிவாளர் ஆபீஸ்ல பழைய பத்திரம். பத்திரத்துல "இன்னாருடைய குமாரர் இன்னார்"னு எழுதுவாங்க, பாகப்பிரிவினை பத்திரம் கெடைச்சா "பரதேசம் போய்விட்ட"ன்னு ஒரு வரி வருதான்னு பாருங்க, போனவரு பங்க என்ன பண்ணாங்கன்னு அதுல தெரியும். அப்புறம் 1980 வரைக்கும் கர்ணம், முன்சீப்னு பரம்பரையா இருந்தாங்க இல்லயா, அந்த வேலைய எடுத்தப்ப சில பழைய கணக்கப்புள்ள வீடுகள்ல கட்டு கட்டா பேப்பர் அப்படியே தங்கிருச்சு, கரையான் திங்காம இருந்தா அதிர்ஷ்டம். கோயில்ல உபயம் எழுதுன கல்லு, மணி, குத்துவிளக்கு எல்லாத்தையும் போட்டோ எடுங்க. "டர்பன்"னு எழுதுன குத்துவிளக்கு ஒண்ண பக்கத்து ஊரு கோயில்ல நான் பாத்துருக்கேன்.

டிஎன்ஏ டெஸ்ட் எடுக்கலாமான்னு கேக்குறாங்க. எடுங்க, ஆனா டெஸ்ட் கம்பெனிக்காரன் "செகண்ட் கசின்", அதாவது ரெண்டு விட்ட சொந்தம்னு காமிச்சா அப்படியே நம்பாதீங்க, நம்ம ஆளுங்க அக்கா மகள, மாமன் மகள தலைமுறை தலைமுறையா கட்டி ரத்தத்த சுத்திச் சுத்தி கலந்து வெச்சிருக்கோம், அதனால தூரத்து சொந்தம் கூட கிட்டத்து சொந்தமா தெரியும்.

வாரிசு கெடைச்சதும் ஒடனே மெசேஜ்ல "நான் உங்க சித்தப்பா பேரன்"னு ஆரம்பிக்காதீங்க, ஸ்கேம்னு நெனச்சு பிளாக் பண்ணிடுவாங்க, என்னைய ஒருத்தர் பண்ணாரு. காலனியல் நம்பரு, கப்பல், ஊரு, தழும்பு இத மட்டும் அனுப்புங்க, அவங்க வீட்டுலயும் யாராவது அந்த நம்பர எழுதி வெச்சிருப்பாங்க. எனக்கு பதில் வந்தது பதினோரு நாள் கழிச்சு, ஒரே ஒரு போட்டோ, பழைய பேப்பர்ல அதே நம்பர்.

அவங்க ஊருக்கு வர்றாங்கன்னா இன்னொரு வேலையும் உங்க தலையிலதான். இங்க பங்காளிங்க எல்லாம் சிரிச்சிகிட்டே இருப்பாங்க, உள்ளுக்குள்ள ஒரே கேள்விதான், எதுக்கு வர்றான், நெலத்துல பங்கு கேப்பானா? எங்க பெரியப்பா, மொதல்ல அழுதாருன்னு சொன்னேன்ல அவரேதான், டர்பன்ல இருந்து ஆள் வர்றாங்கன்னதும் பத்திரத்த எல்லாம் பொண்ணு வீட்டுக்கு மாத்திட்டாரு. வர்றவங்கள டீ குடிச்ச ஒடனே குலதெய்வம் கோயிலுக்கு கூட்டிட்டுப் போங்க, அங்க சாமி முன்னாடி வெச்சு "நாங்க பாத்துட்டுப் போகத்தான் வந்தோம்"னு அவங்க வாயாலயே சொல்ல வெச்சிடுங்க, இங்கிலீஷ்ல சொன்னாலும் பரவால்ல நீங்க தமிழ்ல சொல்லிடுங்க. அன்னிக்கு சாயங்காலமே பெரியப்பா பரண் மேல ஏணி போட்டு ஒரு மொய் நோட்ட எறக்குனாரு, மூணு வருஷமா அப்படி ஒண்ணு இல்லவே இல்லன்னு சொன்ன மனுஷன்.